ரேம் மாட்டக் கூலி கொடுக்கணுமா?

வணக்கம் மக்களே! ரேம் வாங்கியாச்சு, எஸ்எஸ்டி வாங்கியாச்சு. இப்ப இதை நாமளே மாட்டிக்கலாமா, காசு கொடுத்து ஆளை விட்டு மாட்டலாமா? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

டெஸ்க்டாப்ல ரேம் மட்டும்தான்னா காசு கொடுக்காதீங்க. பவர் ஒயரைக் கழட்டிட்டு, கேஸோட இரும்புல ஒரு தடவை கையை வெச்சு உடம்புல இருக்கிற ஸ்டேட்டிக்கை இறக்கிடுங்க. அப்புறம் ஸ்லாட்ல வெச்சு 'டக்'குன்னு பூட்டுற வரைக்கும் அழுத்தணும். பயந்துகிட்டுப் பாதியில விட்டா சிஸ்டம் ஆன் ஆகாது. ஆனா உட்காரவே மாட்டேங்குதுன்னா மல்லுக்கட்டாதீங்க. டிடிஆர்4, டிடிஆர்5ங்கிறது ரேமோட தலைமுறை. டிடிஆர்4 ஸ்லாட்ல டிடிஆர்5 நுழையாது, நடுவுல இருக்கிற வெட்டு இடம் மாறியிருக்கும்.

லேப்டாப்னா, வாங்குறதுக்கு முன்னாடியே மாடலைப் பாத்துடுங்க. மெல்லிசான லேப்டாப் நிறையவற்றுல ரேமை போர்டோடயே சால்டர் பண்ணிடுறாங்க. தனியா ஸ்லாட் இல்லன்னா ரேம் ஏத்துற பேச்சே இல்ல.

ப்ராசஸர் மாத்துறதுன்னா கதையே வேற. அங்க காசு கொடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். ஏஎம்டியோட ஏஎம்4 வகை ப்ராசஸர்ல பின்னெல்லாம் சிப்புக்கு அடியில இருக்கும். சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல சூட்டைக் கடத்தப் பூசுற தெர்மல் பேஸ்ட் பழசாகி இறுகிப் போயிருந்தா, கூலரை நேரா இழுக்கும்போது சிப்பும் ஒட்டிக்கிட்டே பிடுங்கிட்டு வந்துரும். பின் வளைஞ்சா தலைவலிதான். விவரம் தெரிஞ்சவர் சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகினதும் ஆஃப் பண்ணிட்டு, கூலரை லேசா அப்படி இப்படித் திருகி எடுப்பாரு. இன்டெல்ல பின்னுங்க மதர்போர்டு சாக்கெட்ல. ஏதாவது தவறி அதுமேல விழுந்தா போர்டுக்கே ஆபத்து. உடைஞ்சா யார் தலையில விழும்னு ஒரு பயம் இருக்கு பாருங்க, அதை அவர்கிட்ட ஒப்படைக்கத்தான் இந்தக் கூலியே. அதனால முதல் கேள்வியே, "மாட்டும்போது ஏதாவது போச்சுன்னா நீங்க மாத்திக் கொடுப்பீங்களா?" மழுப்புனாருன்னா பெட்டியைத் தூக்கிட்டு வந்துருங்க.

சிஸ்டத்தைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துருங்க. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆன்ல இருந்தா, அதைத் திறக்கிற ரெக்கவரி கீயையும் கையில வெச்சுக்கங்க. மதர்போர்டு மாத்தினா கேட்கும். சில பேர் ரேம் மாட்டவே விண்டோஸ் பாஸ்வேர்ட் கேப்பாங்க. எதுக்குங்க? ரேம் ஏறிடுச்சான்னு விண்டோஸுக்கு முன்னாடி வர்ற பயாஸ் செட்டிங்ஸ்லயே தெரியும்!

அப்புறம், காசை எண்ணிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அங்கயே ஆன் பண்ணிப் பாருங்க. சிஸ்டம் ஆன் ஆயிடுச்சு, வேலை முடிஞ்சுதுன்னு கிளம்பிடாதீங்க. டப்பாவுல 6000னு போட்டிருக்கிற டிடிஆர்5 ரேம், பயாஸ்ல எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ (டப்பாவுல போட்ட வேகத்துல ஓட வைக்கிற செட்டிங்) ஆன் பண்ணலன்னா பெரும்பாலும் 4800 மாதிரி குறைஞ்ச வேகத்துல ஓடிட்டிருக்கும். டாஸ்க் மேனேஜர்ல மெமரிக்குப் போனா ஸ்பீடு காட்டும். நாலு ஸ்லாட் போர்டுல ரெண்டு ரேம் போட்டா, பெரும்பாலும் ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் இருக்கணும். பக்கத்துப் பக்கத்துல சொருகியிருந்தா ரெண்டு ரேமும் சேர்ந்து வேகமா வேலை செய்யுற டூயல் சேனல் கிடைக்காமப் போகலாம், மேனுவலைப் பாத்து மாத்தித் தரச் சொல்லுங்க. கிராஃபிக்ஸ் கார்டு போட்டீங்கன்னா மானிட்டர் கேபிள் அந்தக் கார்டுல இருக்கான்னு பாருங்க. மதர்போர்டுலயே சொருகி அனுப்புற ஆளுங்களும் இருக்காங்க, சிரிக்காதீங்க!

கழட்டின பழைய பார்ட்ஸையும் கேட்டு வாங்கிடுங்க. முக்கியமா பழைய எஸ்எஸ்டி. உங்க ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் இன்னும் அதுலதான் இருக்கு.