உப்பும் வெயிலும் புளிப்பும்

வணக்கம் நேயர்களே.

மொட்டை மாடியிலோ கொல்லையிலோ நாலு செடி வைத்திருப்பவர்களுக்குப் பங்குனி, சித்திரை வந்தால் ஒரே மாதிரி கவலைதான். எப்போது பழுக்கும் என்று தினமும் எட்டிப் பார்த்த தக்காளி ஒரே வாரத்தில் மொத்தமாகப் பழுத்துவிடும், கொத்தவரங்காய் இன்றைக்குப் பறித்தால் நாளன்றைக்கு மறுபடி தொங்கும், மிளகாய் பறிக்க ஆள் போதாது, மாமரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். பக்கத்து வீடு, எதிர் வீடு, ஆபீஸ் என்று எல்லோருக்கும் கொடுத்த பிறகும் கூடையில் பாதி மிஞ்சும். அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

செய்முறையாக அடுக்கிக்கொண்டே போக மாட்டேன். அது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, அம்மாவிடமோ மாமியாரிடமோ கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எந்தச் செய்முறையைக் கையில் எடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இந்தக் காயை ஆறு மாதம் கெடாமல் வைத்திருக்கப்போவது எது? உப்பா, புளிப்பா, சர்க்கரையா, ஈரம் இல்லாததா? இந்த நான்கில் ஒன்றையாவது உறுதியாகச் சொல்ல முடிந்தால் தைரியமாகச் செய்யலாம். எதுவுமே இல்லை, மூடி மட்டும் இறுக்கமாக இருக்கிறது என்றால் அந்தப் பாட்டில் அலமாரிக்குப் போகக் கூடாது. ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன், முதலில் வெயில்.

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் ஆரம்பித்து 28 வரை கத்திரி வெயில். எல்லோரும் திட்டித் தீர்க்கிற அந்த மூன்றரை வாரம், வத்தல் போடுகிறவர்களுக்குக் கிடைக்கிற நல்ல நாட்கள். மோர்மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகாயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பைக் கிள்ளாமல் பக்கத்தில் ஒரு கீறல் போட்டு, நன்றாகப் புளித்த கெட்டி மோரில் கல்லுப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊற வைக்கிறோம். காலையில் வடித்து வெயிலில் பரப்புகிறோம், மோரையும் மூடாமல் வெயிலிலேயே வைக்கிறோம், சாயங்காலம் மிளகாயை எடுத்துத் திரும்ப அதே மோரில் போடுகிறோம். மூன்று நாலு நாளில் மோர் முழுக்க மிளகாய்க்குள் போய்விடும். அதற்குப் பிறகு வெறும் வெயில்தான். பச்சை நிறம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும், கையில் எடுத்து ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கும். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் டப்பாவில் போடக் கூடாது. இதில் நடப்பதைக் கவனியுங்கள்: முதல் நாலு நாள் மிளகாய் ஈரமாகத்தான் இருக்கிறது, அந்த நாட்களில் அது அழுகாமல் பார்த்துக்கொள்வது புளிப்பும் உப்பும். அவை தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே வெயில் மெதுவாக ஈரத்தை எடுத்துவிடுகிறது. பூஞ்சையோ பாக்டீரியாவோ எதுவாக இருந்தாலும் வளரத் தண்ணீர் வேண்டும், அதைப் பறித்துவிட்டால் அப்புறம் அவற்றுக்கு அங்கே வேலை இல்லை.

கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு வேக வைத்துத்தான் காயப் போடுவார்கள். சிலர் நேரம் மிச்சம் என்று பச்சையாகவே போட்டுவிடுகிறார்கள். அந்த அரை வேக்காடு வீண் வேலை இல்லை. காய்க்குள் இருக்கிற நொதிகள் பறித்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும், நிறத்தையும் ருசியையும் அவைதான் கெடுக்கும், சூடு பட்டால்தான் அடங்கும். சுண்டைக்காயைத் தட்டிப் போடுவது உப்பும் மோரும் உள்ளே போவதற்கு. மாங்காய் வத்தலுக்கு உப்பு மட்டும் போதும், புளிப்பு அதிலேயே இருக்கிறது. தக்காளியையும் இரண்டாக வெட்டி உப்புத் தூவி இப்படியே காய வைக்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் விலை விழுந்தால் கூடை கூடையாகத் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தக்காளி வத்தல் ஞாபகம்தான் வருகிறது, மனசு கேட்பதில்லை.

சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்துவிடும். பொழுது சாய்கிற வரைக்கும் வைத்திருந்தால் காலையில் இருந்து காய்ந்தது திரும்பவும் பதமாகிவிடும். சூடு இருக்கும்போதே உள்ளே எடுத்து, ஆறவிட்டு, மூடி வையுங்கள். அப்புறம் காக்காய்க்குக் கறுப்புக் குடை, அது உங்களுக்கே தெரியும்.

சரி, மாவடு. கோடையில் போடுகிற எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். கத்திரி வெயிலுக்கெல்லாம் முன்னாலேயே, கொட்டை முற்றுவதற்கு முன் பறித்த பிஞ்சு. காம்பு கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும், கீழே விழுந்து அடிபட்டது ஒன்றுகூடச் சேரக் கூடாது. கழுவி, துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து, கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி, கிலோவுக்கு 150லிருந்து 200 கிராம் வரை கல்லுப்பு போட்டு ஜாடியில் வைத்துவிடுகிறோம். தண்ணீர் ஒரு சொட்டு ஊற்றுவதில்லை. ஆனால் மறுநாள் காலையில் ஜாடியைக் குலுக்கினால் உள்ளே தளும்பும். அந்தத் தண்ணீர் மாங்காயில் இருந்து வந்தது. உப்பு அதை இழுத்து வெளியே கொண்டுவந்திருக்கிறது, அதனால்தான் வடு சுருங்குகிறது. தினமும் இரண்டு வேளை குலுக்கிவிட்டு, நாலைந்து நாள் கழித்து அந்தத் தண்ணீரிலேயே மிளகாய், கடுகு, மஞ்சளை அரைத்துச் சேர்த்து, ஜாடியின் வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்தால், வடு நன்றாகச் சுருங்கி முங்கிக் கிடக்கும். முங்கிக் கிடப்பது முக்கியம். தண்ணீருக்கு மேலே தலை நீட்டுகிற வடுவில்தான் முதலில் பூசணம் பிடிக்கும். மாங்காயின் புளிப்பு, இவ்வளவு உப்பு, இரண்டும் சேர்ந்த இடத்தில் கெட்ட கிருமி எதுவும் அவ்வளவு சுலபமாகத் தலையெடுக்காது. இப்போது டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று பாதி உப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்பைக் குறைக்கலாம், ஆனால் அப்போது அது ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டிய வடு. வருஷத்துக்கும் வெளியே வைக்கிற வடு வேண்டுமென்றால் தட்டில் எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஜாடியில் உப்பைக் குறைக்காதீர்கள்.

இப்போது மூடிக்கு வருகிறேன். இன்றைக்கு வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பல பேர் பீன்ஸ், பட்டாணி, மக்காச்சோளத்தை எல்லாம் கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு அடைத்து, இறுக்கி மூடி, கொதிக்கிற தண்ணீரில் வைத்து எடுத்து அலமாரியில் வரிசையாக அடுக்குகிறார்கள். கேனிங் என்கிற இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா அப்பேர் என்கிற மிட்டாய்க்காரர். ராணுவத்துக்கும் கப்பலுக்கும் உணவு கெடாமல் வைக்க வழி சொன்னதற்காக அரசாங்கம் 1810இல் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. கண்ணாடி பாட்டில், கார்க், கொதிக்கும் தண்ணீர், அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. ஏன் கெடவில்லை என்று அவருக்கே தெரியாது, லூயி பாஸ்டர் வந்து கிருமிகளைப் பற்றி விளக்க அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு ஆனது.

அவர்களுக்குத் தெரியாமல் போன ஒன்று நமக்குத் தெரியும். மண்ணில் எங்கும் இருக்கிற கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்கிற பாக்டீரியா, விதை மாதிரி ஒரு வித்தாக மாறி உயிரோடு கிடக்கும். அந்த வித்து 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீரில் சாகாது. 121 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், அழுத்தம் இல்லாமல் தண்ணீரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது, புளிப்பு ஆகாது, உப்பு அதிகமானாலும் ஆகாது. நாம் பாட்டிலை மூடிக் கொதிக்க வைத்ததில் அதற்குப் போட்டியாக இருந்த மற்ற கிருமிகளைக் கொன்றுவிட்டோம், காற்றையும் வெளியேற்றிவிட்டோம், உள்ளே இருப்பதோ புளிப்பில்லாத பீன்ஸ். அதற்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. உள்ளே உட்கார்ந்து அது உண்டாக்குகிற நஞ்சுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியும் கிடையாது. மூடி உப்பவில்லை, நாற்றம் வரவில்லை என்பதால் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலம், லங்காஸ்டர் என்கிற ஊரில் 2015 ஏப்ரலில் ஒரு தேவாலயத்து விருந்து. ஆளுக்கொன்றாக வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிட்டார்கள். அதில் ஒருவர், பாட்டிலில் அடைத்துக் கொதிநீரில் வைத்து எடுத்திருந்த உருளைக்கிழங்கில் சாலட் செய்திருந்தார். 29 பேர் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். கேனிங் செய்வதை அம்மாவிடம் பாட்டியிடம் கற்றுக்கொள்கிற நாட்டிலேயே இப்படி நடந்திருக்கிறது.

நம் ஊர் ஊறுகாய் இத்தனை தலைமுறையாக நம்மைக் கைவிடாததற்குக் காரணம் புளிப்பு. அமிலத்தின் அளவை பிஹெச் என்று சொல்வார்கள், எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். 4.6க்குக் கீழே இருந்தால் இந்தக் கிருமி வளராது. மாங்காய், எலுமிச்சை, நார்த்தங்காய், புளி எல்லாமே அதற்கு ரொம்பக் கீழே. தக்காளிதான் கோட்டின் மேல் நிற்கிறது, ரகத்தையும் பழுத்த அளவையும் பொறுத்து 4.6ஐத் தாண்டியும் போகும். அதனால்தான் தக்காளியை அடைக்கிறவர்கள் அரை லிட்டர் பாட்டிலுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறோ கால் டீஸ்பூன் சிட்ரிக் அமிலமோ சேர்க்கிறார்கள். நம் தக்காளித் தொக்கில் புளி சேர்ப்பது ருசிக்காக மட்டும் என்று நினைத்திருந்தால் இனி புளியைத் தவிர்க்காதீர்கள். அதே மாதிரி பூண்டு. பச்சைப் பூண்டை வெறும் எண்ணெயில் போட்டு மூடி வெளியே வைப்பது ஆபத்து, எண்ணெய் காற்றை மறைக்குமே தவிர புளிப்பைக் கொடுக்காது. பூண்டு ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சையோ வேண்டும், தாராளமாகவே வேண்டும்.

அப்படியென்றால் குக்கரில் வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். நாம் சோறு வடிக்கிற பிரஷர் குக்கர் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறிவிடும், பாட்டிலின் நடுப்பகுதிவரை அந்தச் சூடு போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. கேனிங்குக்கென்றே செய்த பெரிய பாத்திரம் வேறு, அதற்குக் காய்வாரியாக நேர அட்டவணை உண்டு. அது இல்லாதவர்கள் பீன்ஸையும் பட்டாணியையும் இரண்டு மூன்று நிமிஷம் கொதிநீரில் போட்டெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் வத்தல் போடுங்கள்.

கொதிநீர் முறை நன்றாகக் கைகொடுப்பது ஜாமுக்கு. குன்னூர், கோத்தகிரி பக்கம் கோடையில் பிளம்ஸ் நன்றாகக் கிடைக்கும். சர்க்கரை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், பழத்தின் புளிப்பும் கூட இருக்கும். பாட்டிலையும் மூடியையும் கொதிக்க வைத்து, சூடான பாட்டிலில் சூடான ஜாமை ஊற்றி, மேலே கால் அங்குலம் விட்டு, வாயைத் துடைத்து மூடி, பாட்டில் முழுகுகிற தண்ணீரில் 10 நிமிஷம் கொதிக்க விடலாம். அடியில் ஒரு துணி போட்டால் பாட்டில் விரிசல் விடாது. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அங்கே இருப்பவர்கள் இன்னும் ஐந்து நிமிஷமாவது கூடுதலாக வைக்க வேண்டும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், காபித்தூள் பாட்டில் எல்லாம் ஊறுகாய்க்குச் சரி, இந்த வேலைக்கு மூடி புதிதாக இருக்க வேண்டும். ஆறிய பிறகு மூடியின் நடுப்பகுதி லேசாக உள்வாங்கி, விரலால் அழுத்தினால் அசையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அசைந்தால் அந்தப் பாட்டில் ஃபிரிட்ஜுக்கு. எதைச் செய்தாலும் மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள். இதையே தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன.

கடைசியாக, இந்த உரையைக் கேட்கிற யாராவது வீட்டில் ஏற்கெனவே பீன்ஸோ காளானோ கிழங்கோ இப்படி அடைத்து வைத்திருந்தால், கொஞ்சம் வாயில் வைத்துப் பார்க்கலாம் என்று திறக்காதீர்கள். மூடியோடு பையில் கட்டி, குழந்தைகள் கை படாத இடத்தில் போட்டுவிடுங்கள். வீணாகிறதே என்று மாட்டுக்கோ நாய்க்கோ வைக்க வேண்டாம், அவற்றையும் அந்த நஞ்சு பாதிக்கும். ஏற்கெனவே சாப்பிட்ட யாருக்காவது ஒரு நாள், இரண்டு நாளில், சிலருக்கு அதற்கும் பிறகு, இமை தொங்கினாலோ, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், என்ன சாப்பிட்டார் என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.