பத்திரத்தோடு கைமாற வேண்டிய வரலாறு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மூடிக் கிடக்கும் ஆலை விற்பனைக்கு வந்தால் எல்லோரும் தரைக்கு மேலே இருப்பதைத்தான் பார்க்கிறோம். எத்தனை ஏக்கர், சாலை முகப்பு எவ்வளவு, கட்டடத்தை இடிக்க எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கிறோம். நான் தரைக்கு அடியில் இருப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது என்னவென்று தெரிந்தவர்கள், அங்கே குடிவரப்போகிறவர்களிடம் சொல்லாமலே போய்விடுவது பற்றியும் பேச வேண்டும்.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்று ஒரு பாதியில் கைவிட்ட கால்வாய் இருந்தது. ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவை அதில் கொட்டி, களிமண் போட்டு மூடியது. பிறகு அந்த இடத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்தது. கீழே ரசாயனக் கழிவு இருக்கிறது, பின்னால் என்ன நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று பத்திரத்திலேயே எழுதியும் வைத்தது! அங்கே பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. கட்டுமானத்துக்காகத் தோண்டியதில் களிமண் மூடி உடைபட்டது. வீடு வாங்கிய குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பத்திர வாசகம் தெரியவே தெரியாது. வீட்டின் நிலவறைக்குள் ரசாயனம் கசிந்த பிறகே அவர்களுக்கு விஷயம் புரிந்தது. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். மாசுபடுத்தியவரிடமே சுத்தம் செய்யும் செலவை வசூலிக்க வழிசெய்யும் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் 1980-இல் வந்ததற்கு இந்த ஊர் பட்ட பாடு ஒரு முக்கியக் காரணம்.

என்னை உறுத்துவது இதுதான்: உண்மை காகிதத்தில் இருந்தது. போய்ச் சேர வேண்டியவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

ஆலை நிலத்தில் நஞ்சு எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்காது. எண்ணெய்த் தொட்டி புதைந்த இடம், முலாம் பூசிய கூடம், கழிவுநீர் ஓடிய வாய்க்கால் என்று அங்கங்கே திட்டுத்திட்டாகக் கிடக்கும். மண் மாதிரி எடுக்கப் பத்தடி தள்ளித் துளை போட்டால் மண் சுத்தமாக இருப்பதாகவே ஆய்வறிக்கை சொல்லிவிடும். பெட்ரோல், டீசல் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். உலோகப் பாகங்களின் பிசுக்கை எடுக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீனோ தண்ணீரைவிடக் கனமானது, அடியாழம் வரை இறங்கிவிடும். அதன் ஆவி மேலே வந்து, புதுக் கட்டடத்தின் தரை விரிசல் வழியாக அறைக்குள்ளும் நுழையும். ஈயமும் ஆர்செனிக்கும் எத்தனை காலம் ஆனாலும் சிதைந்து மறைவதில்லை.

ஆகவே துளைக் கருவியை இறக்கும் முன்பே பழைய வரைபடங்கள் வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே வேலை பார்த்தவர்கள். எந்த மூலையில் பீப்பாய்களைப் புதைத்தார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லாமல் ஒரு ஃபிட்டரின் நினைவில் மட்டும் இருக்கலாம்.

சுத்தம் செய்ய வழிகள் உண்டு. மண்ணைத் தோண்டி அகற்றலாம், கழுவலாம், நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம், அப்படியே மூடியும் வைக்கலாம். வாகன நிறுத்துமிடத்துக்குப் போதுமான அளவு சுத்தம், குழந்தைகள் மண்ணில் விளையாடும் இடத்துக்குப் போதாது. மூடி வைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே தோண்டக் கூடாது என்பது ஐம்பது வருடம் கழித்து வருகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே!

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1956-இல் மூடிய, எரிவாயு தயாரித்த ஆலை, ரிச்சர்ட் ஹாக் என்ற நிலவடிவமைப்பாளரின் முயற்சியால் 1975-இல் பூங்காவாகத் திறந்தது. கழிவுநீர்க் கசடும் மரத்தூளும் கலந்து, மண்ணில் நுண்ணுயிர்களை வளர்த்துச் சுத்தம் செய்தார்கள். அழகான பூங்கா, ஆலையின் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனாலும் ஆலை மண்ணில் விட்டுப்போன தார் பிறகும் வெளிப்பட்டது, சுத்திகரிப்பும் தொடர வேண்டியிருந்தது. திறப்பு விழாவோடு கண்காணிப்பை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எனவே நான் கேட்பது இது. ஆலை மூடும்போதே தொழிலாளர்களின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் கலைந்துபோன பிறகு தேடிப் பயனில்லை. அந்தப் பதிவும், மண், நிலத்தடி நீர் ஆய்வு முடிவுகளும், எங்கே எதை மூடி வைத்தோம் என்ற வரைபடமும் ஒவ்வொரு விற்பனையிலும் கிரயப் பத்திரத்தோடு இணைந்தே கைமாற வேண்டும். அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குகிறவரும், வாடகைக்கு வருகிறவரும்கூட அதைக் கேட்டவுடன் பார்க்க முடிய வேண்டும்.