பர்லியார் ஓடையில் ஒரு மறவன்

நேயர்களுக்கு வணக்கம்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பர்லியாரில் மங்குஸ்தான், பலாச்சுளை வாங்க வண்டியை நிறுத்துவோம். அடுத்த முறை அப்படியே ஓடைப்பக்கம் பத்தடி நடந்து பாருங்கள். மழை விட்டு வெயில் அடிக்கும் காலையாக இருந்தால், ஈர மணலில் யாரோ ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலைப் போட்டுவிட்டுப் போனது போல இருக்கும். கிட்டே போனால் அந்தத் தோல் மெல்லச் சிறகை விரிக்கும். கரிய விளிம்பு கட்டிய ஆரஞ்சுச் சிறகு. அதுதான் தமிழ் மறவன். 2019-இல் நம் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டது.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள பட்டாம்பூச்சிகளுக்கு வெள்ளைக்காரர்கள் சார்ஜென்ட், கமாண்டர், லஸ்கர் என்று பட்டாளத்துப் பெயர்களாகச் சூட்டினார்கள். இதற்குக் கிடைத்தது ‘தமிழ் யோமன்’. யோமன் என்றால் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் குடியானவன் என்றும் பொருள் உண்டு. தமிழுக்கு வரும்போது மறவனாகிவிட்டான். எனக்கென்னவோ உழவன் என்றே வைத்திருக்கலாம். சேற்றில் இறங்கினால் லேசில் ஏறாத ஆள்!

சரி, சேற்றில் என்ன வேலை? உப்புதான். பூந்தேனில் இனிப்பு ஏராளம், உப்பு மிகக் குறைவு. அதனால் பெரும்பாலும் ஆண் பூச்சிகள் கூட்டமாக இறங்கி, சுருட்டி வைத்த உறிஞ்சுகுழலை நீட்டி மண்ணின் ஈரத்தை இழுக்கும். சேர்த்த உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுக்கும். பரிசப் பணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெண் முட்டையிடுவது நீரடிமுத்து மரத்தில். மரவெட்டி என்றும் சொல்வார்கள். நவீன மருந்து வருமுன் தொழுநோய்க்கு எண்ணெய் எடுத்தது இதன் விதையில்தான். ஓடைக்கரைக் காட்டு மரம்; முள்முள்ளான புழுவுக்கு அதன் தளிர்தான் சாப்பாடு. ஆகவே ஊட்டிப் பூங்காவில் எத்தனை பூப் பூத்தாலும் இவன் அங்கே குடித்தனம் நடத்த மாட்டான்.

போன தடவை பர்லியாரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒன்று வந்து, வியர்வையில் நனைந்த என் பைவாரில் உட்கார்ந்தது. குழல் வாரைத் தடவித் தடவி உறிஞ்சியது. பஸ் வந்தது, கண்டக்டர் விசிலடித்தார். அது எழுந்தபாடில்லை. நான் அடுத்த பஸ்ஸில்தான் வந்தேன்.