எதை வேண்டிச் செய்கிறான்?

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

"என் பிள்ளை வேண்டுமென்றே செய்கிறான்" என்று நாம் எல்லோருமே ஒருமுறையாவது சொல்லியிருப்போம். வேண்டுமென்றேதான் செய்கிறான், சரி. எதை வேண்டிச் செய்கிறான்? இந்த ஒரு கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் 1911-இல், உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டைவிட்டுப் பிரிந்தவர். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இருந்து திரும்பிய பின் அவர் ஓயாமல் பேசியது சமூக உணர்வைப் பற்றி. 'நான் இவர்களில் ஒருவன், இவர்களுக்கு என்னாலும் ஆவது உண்டு' என்ற உணர்வு அது. பிறக்கும்போது வித்தாகத்தான் இருக்கும், வளர்த்தால்தான் வளரும் என்றார். வியன்னாவில் அவர் தொடங்கிய குழந்தை வழிகாட்டு நிலையங்களில், ஆசிரியர்களும் பெற்றோரும் சுற்றி அமர்ந்திருக்கக் குழந்தையோடு உரையாடுவார். 1934-இல் ஆஸ்திரியாவில் சர்வாதிகாரம் வந்ததும் அந்த நிலையங்கள் மூடப்பட்டன. எனக்கு அதில் வியப்பில்லை. சர்வாதிகாரத்துக்கு வேண்டியது பணிகிற பிள்ளை; அட்லர் வளர்க்க நினைத்தது ஒத்துழைக்கிற பிள்ளை. இரண்டும் வேறு.

அவருடைய மாணவர் ருடால்ஃப் டிரைகர்ஸ் நமக்கு ஓர் அருமையான கருவியைத் தந்தார். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மனத்தைப் பாருங்கள். எரிச்சல் வருகிறதா? அவன் கவனிப்பைத் தேடுகிறான். 'இவனா நானா, பார்த்துவிடுகிறேன்' என்று தோன்றுகிறதா? அதிகாரத்துக்கான போட்டி. மனம் புண்படுகிறதா? தான் புண்பட்டதற்குப் பழிதீர்க்கிறான். 'இனி இவனை ஒன்றும் செய்ய முடியாது' என்று கைவிடத் தோன்றுகிறதா? அவன் தன்னையே கைவிட்டுவிட்டான். நான்கும் ஒரே தேடல்தான்: உங்கள் நடுவில் எனக்கு இடம் உண்டா?

என் மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது, நான் போன் எடுத்தாலே வந்து சட்டையைப் பிடித்து இழுப்பாள். அதட்டினேன். மறுநாளும் இழுத்தாள். அதட்டலும் கவனிப்புதானே! பிறகு துவைத்த துணியை அவரவருக்குப் பிரித்து வைக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தோம். முதல் நாள் தம்பியின் சட்டை என் அடுக்கில் இருந்தது. எடுத்து மாற்றக் கை பரபரத்தது. மாற்றவில்லை. அன்று நான் திருத்தியிருந்தால், 'நீ செய்தது செல்லாது' என்றுதான் அவள் படித்திருப்பாள்.

'கெட்டிக்காரி' என்றும் சொல்லவில்லை. "நீ பிரித்து வைத்ததால் காலையில் தேடாமல் கிளம்பினேன்" என்றேன். பாராட்டு நம் கையில் இருக்கும் பரிசு; நாளை தராமலும் போகலாம். ஊக்கம் அவள் செய்ததையே அவளுக்குக் காட்டுகிறது. அட்லர் வழி வந்தவர்கள் மிகவும் வலியுறுத்தும் வேறுபாடு இது. தண்டனைக்குப் பதில் செயலின் விளைவைச் சந்திக்கவிடுவதும் அப்படித்தான்: தண்ணீரைக் கொட்டினால் அடி இல்லை, துடைக்கத் துணி.

வாரம் ஒருநாள் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுகிற வழக்கத்தையும் தொடங்கினோம். சிறியவர் பேச்சுக்கும் அதே எடை. மூன்றாவது கூட்டத்தில் மகள் போன் பிரச்சினையை அவளாகவே எடுத்தாள். "எவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் அப்பா" என்றாள். மறுநாள் போன் வந்தது. "பத்து நிமிடம்" என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தம்பியைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.