ஆச்சி சுருக்குப்பையில் கிடந்த இரட்டைச் சிங்கக் காசு

வணக்கம் மக்களே, பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன், பின்னாடி கேட்பது பக்கத்து வீட்டு கிரைண்டர், இப்போதைக்கு நிற்காது போல, அதனால் ஆரம்பித்துவிடுகிறேன்.

இந்தா பாருங்கள், 1 ரூபாய், எவர்சில்வர் காசு. எங்கள் ஆச்சி சுருக்குப்பையில் வெற்றிலைக் காம்போடு கிடந்தது. இந்தப் பக்கம் சிங்கம், சரியா? திருப்புகிறேன். இங்கேயும் சிங்கம்தான், ஆனால் இடவலம் மாறி, விரலால் தடவினால் மேடாக இல்லாமல் குழியாக இருக்கிறது. அச்சடித்த காசு கீழே விழாமல் மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வருகிற வெறும் தகட்டில் அந்தக் காசின் முகமே பதிந்துவிடும். இந்த அச்சுப் பிழைக்குப் பெயர் புரோக்கேஜ், வியாபாரிகள் லாக்கி என்பார்கள், கல்லாவில் வைத்தால் லட்சுமி தங்குவாள் என்று கடைக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள்.

இதில் போலியும் உண்டு, இரண்டு காசைப் பட்டறை இடுக்கியில், அதாவது வைஸில், வைத்து நெருக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் குழிச் சிங்கத்துக்கு அடியில் பழைய 1 என்ற எண் லேசாகத் தெரியும், மறுபக்கம் நசுங்கியிருக்கும். எடையும் போடுங்கள், இந்தக் காசு 4.85 கிராம் இருக்க வேண்டும்.

வேறு சில காசுகளைப் புத்தகப் பக்கம் மாதிரி புரட்டினால் எண் கோணலாகத் தெரிகிறதே, அது பிழைக் காசா? பிழைதான், ஆனால் நம் காசுகளில் சாதாரணம், பெரிய விலை போகாது. தாமிரபரணியில் கிடந்து அரித்தது, தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது எல்லாம் கணக்கிலேயே வராது. அச்சுச்சாலைக்குள் நடந்த தப்புக்குத்தான் விலை, அதுவும் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற தப்பாக இருக்க வேண்டும்.

ஒன்பதாவது படிக்கும்போது நான் இந்தச் சிங்கக் காசைச் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துவிட்டேன், பளபளப்பாகட்டும் என்று. போன வருடம் 800 ரூபாயில் பேச்சை ஆரம்பித்த ஒரு வியாபாரி, லென்ஸில் கீறலைப் பார்த்ததும் 300க்கு இறங்கிவிட்டார். கொடுக்கவில்லை.

அப்புறம் அந்த வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய். அது 2012இல் வந்த நினைவுக் காசு, பிழையே கிடையாது. அதை 10 லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் வரி கட்டுங்கள் என்று போனில் கேட்டதும் எங்கள் சித்தப்பா 2,000 ரூபாய் அனுப்பிவிட்டார், இத்தனைக்கும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இப்படிப் பணம் கேட்பவர்களைப் பற்றி எச்சரித்திருந்தது.

சரி, ஆச்சி கூப்பிடுகிறாள். இந்தச் சிங்கக் காசு இன்னும் அவளுடையதுதான் என்கிறாள், அசந்தால் வெற்றிலைக் கடையில் கொடுத்துவிடுவாள்.