எத்தனை மணி நேரம் என்று கேட்காதீர்கள்

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

"இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது", "இவளுக்குப் பாட்டு வராது" என்ற தீர்ப்பை நம் வீடுகளில் எவ்வளவு சுலபமாக எழுதிவிடுகிறோம்! ஏழு வயதில் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பை எழுபது வயதிலும் சுமப்பவர்கள் உண்டு. அதை எதிர்த்துப் பேசத்தான் இன்று இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

"சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்" என்பது நம் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த வெண்பா, "நட்பும் தயையும் கொடையும் பிறவிக் குணம்" என்று முடிகிறது. எது பழகி வருவது, எது பிறப்பிலேயே வருவது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அதை அளந்து பார்க்க முயன்றவர்களின் கதைக்கு வருவோம்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், 1970களின் இறுதியில், ஆண்டர்ஸ் எரிக்சன், வில்லியம் சேஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கல்லூரி மாணவரைச் சோதனைக்கு உட்கார வைத்தார்கள். நொடிக்கு ஒன்றாக எண்களை வாசிப்பார்கள். வரிசை மாறாமல் அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவரால் சுமார் ஏழு இலக்கங்களைத்தான் சொல்ல முடிந்தது. நீங்களும் நானும் முயன்றாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். சுமார் 20 மாதங்களில், மொத்தம் 230 மணி நேரத்துக்குச் சற்று மேலான பயிற்சிக்குப் பிறகு, அதே மாணவர் 79 இலக்கங்களைச் சொன்னார்!

எப்படி வந்தது அந்தத் திறன்? அவர் ஓட்டக்காரர். 3, 4, 9, 2 என்று காதில் விழுந்தால், "3 நிமிடம் 49.2 நொடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனையை ஒட்டிய நேரம்" என்று மனத்தில் பதித்துக்கொண்டார். ஓட்ட நேரமாகப் பொருந்தாத எண்களை மனிதர்களின் வயதாக மாற்றினார். பிறகு அந்தத் துண்டுகளைக் கொத்துக் கொத்தாக அடுக்கக் கற்றார். சோதனையை அமைத்த விதத்தையும் கவனியுங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த முறை ஓர் இலக்கம் கூடும்; தவறினால் ஒன்று குறையும். ஆகவே அவர் எப்போதும் தம் திறனின் விளிம்பிலேயே நின்றார். எங்கே தவறினோம் என்பது அந்தக் கணமே அவருக்குத் தெரிந்தது.

பிறகு எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு எழுத்து அளவிலேயே நின்றுவிட்டார். அபூர்வமான நினைவாற்றல் எதுவும் அவரிடம் ஒளிந்திருக்கவில்லை. எண்களைப் பிடித்து வைக்கும் வழியை, தவறித் தவறித் தாமே உருவாக்கியிருந்தார்.

இதே எரிக்சன், 1993இல் பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்துதான் "10,000 மணி நேரம் பயின்றால் மேதையாகலாம்" என்ற பேச்சு பரவியது. 18 வயதுக்குள் சிறந்த மாணவர்கள் தனியாக அமர்ந்து பயின்ற நேரம் சராசரியாகச் சுமார் 7,400 மணி. இசை ஆசிரியர் பயிற்சியில் இருந்தவர்களுக்கு அது சுமார் 3,400. 10,000 என்பதோ சிறந்தவர்கள் 20 வயதில் எட்டியிருந்த சராசரி. சராசரி என்றால் அதற்குக் கீழே இருந்தவர்களும் உண்டு. அந்த எண்ணை ஒரு வாசற்படியாக்கி, அதைத் தாண்டினால் மேதை என்று பிள்ளைகளை விரட்டுவது பெருந்தவறு. இருபது ஆண்டுகளாக நாள்தோறும் கார் ஓட்டுபவர் பந்தய வீரர் ஆகிவிடுவதில்லையே!

அப்படியானால் பிறவி வேறுபாடே இல்லையா? இருக்கிறது, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. அர்ஜென்டினாவின் சதுரங்க வீரர்களைப் பற்றி 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மாஸ்டர் என்ற தேர்ந்த ஆட்டக்காரர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டது. சதுரங்கம் ஆடும் ஹங்கேரியின் போல்கர் சகோதரிகள் மூவரைப் பாருங்கள். ஒரே வீடு, ஒரே தந்தை, ஒரே விதமான பயிற்சி. யூதித் 1991இல் 15 வயதில், சதுரங்கத்தின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டரைப் பெற்றார். பின்னர் உலகத் தரவரிசையில் எட்டாம் இடம் வரை உயர்ந்தார். சூசனும் கிராண்ட்மாஸ்டர். சோஃபியா அதற்கு அடுத்த படியான இன்டர்நேஷனல் மாஸ்டர். ஆனால் அவர்களின் தந்தை லாஸ்லோ, பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே, பயிற்சியால் மேதைகளை உருவாக்க முடியும் என்று திட்டமிட்டவர். திறமை தென்படட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மூவருக்குள் யார் எவ்வளவு தூரம் போவார் என்பது பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் நாளிலேயே அதைச் சொல்லும் அறிவு நம்மில் யாருக்கு இருக்கிறது?

பெற்றோர்களே, பிள்ளை பாட்டு வகுப்பிலிருந்து வந்ததும் எத்தனை மணி நேரம் பாடினாய் என்று கேட்பதை விடுங்கள். எந்த இடத்தில் தடுக்கியது, ஆசிரியர் என்ன திருத்தினார், நாளைக்கு அந்த இடத்தை எப்படிப் பாடப்போகிறாய் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், குறை பிள்ளையிடம் இருக்கிறது என்று முடிவு கட்டாமல் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.

ஆசிரியர்களே, விடைத்தாளில் மதிப்பெண்ணை மட்டும் எழுதித் திருப்பித் தராதீர்கள். எந்த வரியில் வழி தவறியது என்று ஒரு கோடு போடுங்கள். அதே வகைக் கணக்கை மறுநாள் மீண்டும் போடச் சொல்லுங்கள். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் இது எவ்வளவு பெரிய சுமை என்பதை அறிவேன். வாரத்துக்கு ஐந்து பேர் என்று தொடங்குங்கள். அந்த ஐந்து பேரில், கணக்கு வராது என்று நீங்களே கைவிட்ட ஒருவராவது இருக்கட்டும்.