இரண்டாவது கலையை எப்போது தொடங்குவது?

நேயர்களுக்கு வணக்கம்.

சிலம்பக் கூடத்துக்குப் பிள்ளையை அழைத்து வரும் பெற்றோரில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பையன் ஸ்கூல்ல கராத்தே போறான், மாஸ்டர். கூடவே சிலம்பமும் சேர்த்து விடலாமா?” தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் எப்போது சேர்ப்பது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரே காலத்தில் இரண்டு ஆசான்களிடம் கற்றவர் என்றதும் எனக்குக் கென்வா மபுனியின் நினைவுதான் வரும். 1889-ல் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில், ஷுரி நகரில் பிறந்தவர். 13 வயதில் அன்கோ இதோசுவிடம் சேர்ந்தார். கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோன பெரியவர் இந்த இதோசு. 20 வயதை ஒட்டி, நண்பர் சோஜுன் மியாகி வழியாக, நாஹா நகரத்து ஆசான் கான்ரியோ ஹிகாவோன்னாவிடமும் மபுனி கற்கப் போனார். இதோசுவின் ஷுரி முறைக் கராத்தேயில் வேகமும் சட்டென்ற நகர்வும் முக்கியம். ஹிகாவோன்னாவின் நாஹா முறையில் சான்ச்சின் என்ற கட்டாவை, அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுத் தொகுப்பை, வைத்துக்கொண்டு, காலைத் தரையில் பதித்து, உடம்பை இறுக்கி, மூச்சை அடிவயிற்றிலிருந்து விடப் பழக்குவார்கள். பின்னாளில் ஒசாகாவில் குடியேறிய மபுனி, இந்த இரண்டையும் சேர்த்து உருவாக்கியதுதான் ஷிட்டோ-ரியூ என்ற கராத்தே பாணி. தமிழ்நாட்டிலும் அதைக் கற்றுத்தரும் பள்ளிகள் இருக்கின்றன.

மபுனியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு ஆசான்களைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாமவரிடம் போகும் முன் அவர் முதல் ஆசானிடம் கழித்த அந்த ஏழு வருஷங்களை எண்ணிப் பாருங்கள்.

அடி வரும்போது யோசிக்க நேரம் கிடையாது. எதை அதிகம் பழகியதோ அதைத்தான் உடம்பு செய்யும். கராத்தேயின் அடிப்படைப் பயிற்சியில் ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்கு வரும். பாக்சிங்கில் குத்திய கை நேராகத் தாடைக்குத் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கிய பையன், கிளவுஸ் போட்டு மோதும்போது கையை இடுப்புக்கு இறக்கிவிடுவான். முகம் திறந்து கிடக்கும். கராத்தே, டேக்வாண்டோ இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் சேர்த்துப் படிப்பது சுலபம் என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் அதுதான் அதிகச் சிரமம். ஒன்றின் உதை இன்னொன்றில் கலந்துபோகும். கராத்தேயும் ஜூடோவும் அப்படியல்ல. எதிராளியின் சட்டையைப் பிடித்த உடனேயே, இது ஜூடோ என்று கைக்குத் தெரிந்துவிடும்.

கராத்தேயும் சிலம்பமும் சேரும்போது கையில் பெரிய குழப்பம் வராது, கம்பு இருக்கிறதே! சிக்கல் காலில்தான். கராத்தேயில் இடுப்பைத் திருப்பி அடிக்கிறோம். அடி முடிகிற கணத்தில் உடம்பு முழுவதும் இறுகி நிற்க வேண்டும், பின்காலின் குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. சிலம்பத்தில் நின்றால் போச்சு. காலடி மாறிக்கொண்டே இருக்கும், உடம்பு திரும்பிக்கொண்டே இருக்கும், குதிகால் லேசாக எழுந்தே இருக்கும். தோளை இறுக்கினால் கம்பு சுழலாது. இரண்டிலும் புதிதாக இருக்கும் பிள்ளை என்ன செய்யும்? இங்கே வந்து விறைத்து நிற்கும், அங்கே போய்க் குதிகாலைத் தூக்கும். இரண்டு இடத்திலும் திட்டு வாங்கும். கடைசியில், தனக்கு எதுவுமே வராது என்று நம்பிவிடும். நல்ல பிள்ளைகள் இப்படிக் கூடத்தை விட்டுப் போவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

முதலில் எது என்று கேட்டால், வீட்டுக்குப் பக்கத்தில் எந்த ஆசான் பொறுமையாகக் கற்றுத் தருகிறாரோ அவருடைய கலை என்பேன். அது உடம்பில் இறங்கியதற்கு ஓர் அடையாளம் உண்டு. பிள்ளை களைத்துப் போயிருக்கும்போது, கவனம் வேறெங்கோ இருக்கும்போது, காலடி தானாகச் சரியாக விழ வேண்டும். அதன் பிறகு இரண்டாவதைத் தொடங்கலாம். முதல் சில மாதங்கள் இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கொடுங்கள். வளர்கிற பிள்ளையின் முழங்காலும் கணுக்காலும் அதைக் கேட்கும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. அதற்காக, சான்றிதழை எண்ணிக்கொண்டு பிள்ளையை இரண்டு கூடங்களுக்கு ஓடவிட வேண்டாம்.

என்னைப் போன்ற ஆசான்களுக்கும் ஒரு வார்த்தை. ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ, 1930-ல் மொரிஹெய் உயெஷிபாவின் கலையை, பின்னாளில் ஐகிடோ என்று பெயர் பெற்றதை, நேரில் பார்த்து வியந்தார். மினோரு மொச்சிசுகி உள்ளிட்ட தன் மாணவர்களைத் தானே அவரிடம் கற்க அனுப்பினார். அவ்வளவு பெரிய மனிதரே அனுப்பியிருக்கும்போது, நம் மாணவன் இன்னொரு வாசலுக்குப் போவதில் நமக்கு என்ன கோபம்?

பெற்றோரே, எங்களிடம் மறைக்காதீர்கள். பையன் கராத்தேயும் போகிறான் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அவன் ஏன் விறைத்து நிற்கிறான் என்று எனக்குப் புரியும். திட்டாமல், தோளைத் தளர்த்தச் சொல்லிக்கொடுப்பேன்.

நன்றி, வணக்கம்.